ராமநகரா ஒருநாள் பாறுப் பயணம்: பாறை நிச்சயம், பாறு அதிர்ஷ்டம்

பெங்களூரு போகும் சிங்கப்பூர்ப் பறவை ஆர்வலர்களுக்கு வழக்கமாக மூன்று ஒருநாள் பயணங்களைக் காட்டுவார்கள்: நந்தி மலை, ரங்கனத்திட்டு, ராமநகரா. முதல் இரண்டுக்கும் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். மூன்றாவது அப்படியல்ல. 'அழிந்துவரும் பாறுகளை (பிணந்தின்னிக் கழுகுகளை) நேரில் பாருங்கள்' என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். ராமநகராவின் ராமதேவர பெட்டா மலையில் மிஞ்சியிருக்கும் கருங்கழுத்துப் பாறுகளை எண்ண இரண்டு கை விரல்களே அதிகம் என்பது சிறிய எழுத்தில்கூட இருக்காது.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சரியான மாதத்தில், சரியான நேரத்தில், நல்ல வழிகாட்டியோடு போனால் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். பெரும்பாலும் விற்கப்படும் வடிவத்தில் போனால் இரண்டரைதான். அந்த ஒன்றரை எங்கே தொலைகிறது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும். நாம் 'பிணந்தின்னிக் கழுகு' என்று சொல்வதற்குத் தமிழில் பழைய பெயர் பாறு. கழுகு வேட்டையாடும், பாறு செத்ததைத் தின்னும். ராமநகரா மலையில் பதிவானவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கருங்கழுத்துப் பாறு. மிக அருகிவிட்ட இனம், செங்குத்துப் பாறை விளிம்புகளில் கூடு வைக்கும், ஆண்டுக்கு ஒரே முட்டை. இன்னொன்று மஞ்சள்முகப் பாறு. அதுவும் அருகிவரும் இனம்தான். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குப் பூசாரி கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றதாக நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் 'கழுகு' இதுதான். தொண்ணூறுகளோடு அங்கே அதன் வரவு நின்றுபோயிற்று. அம்மா அப்பாவையும் அழைத்துப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கிளம்புவதற்கு முணுமுணுக்க மாட்டார்கள்.

இந்த மலையைக் கர்நாடக அரசு 2012இல் பாறு சரணாலயமாக அறிவித்தது. பாறுகளுக்கென்று இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் சரணாலயம் இது; பரப்பு ஏறக்குறைய 346 ஹெக்டேர். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் 50 கிலோமீட்டர். ஒரு பழைய இந்திப் படத்தின் கொள்ளைக்காரன் கூடாரத்துக்காகவே ஊர் பிரபலமாகிவிட்டதால், பயண நடத்துனர்களில் பாதிப் பேர் உங்களை அந்தப் பாறைக்குத்தான் முதலில் கூட்டிப் போகப் பார்ப்பார்கள். பாறை அதைவிடப் பெருமை உள்ளது. ஊரின் ஆங்கிலேயர் காலத்துப் பெயர் குளோஸ்பேட். புவியியலாளர்கள் 'குளோஸ்பேட் கிரானைட்' என்று சொல்வது இதைத்தான். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மழையும் வெயிலும் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரித்ததில் ஒரு பக்கம் மொழுமொழுவென்ற குவிமாடம், இன்னொரு பக்கம் நெட்டுக்குத்தான சுவர். அந்தச் சுவரில் இருக்கும் குறுகிய படிக்கட்டு போன்ற விளிம்புகள்தாம் பாறுக்கு வேண்டும். கீழிருந்து எதுவும் ஏற முடியாது, மேலிருந்து எதுவும் இறங்க முடியாது, எதிரே காற்று.

மலை இருந்தும் பறவை ஏன் இல்லை? கால்நடைகளுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் பெரிய காரணம். மருந்து உடம்பில் இருக்கும்போது மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்து செத்துவிடும். ஒரு மாட்டைக் கூட்டமாகத் தின்னும் பறவை என்பதால் ஒரு சடலம் ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். காரணம் 2004இல் உறுதியானது. 2006இல் இந்தியா கால்நடை மருத்துவத்தில் அதைத் தடைசெய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குத் திருப்பிவிட்டதால் 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. அசிக்லோஃபினாக், கீட்டோப்ரோஃபென் ஆகியவற்றுக்குக் கால்நடைத் தடை 2023இல்தான் வந்தது. பாறுக்குப் பாதகமில்லாத மாற்று மெலாக்சிகாம். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்துபோனது. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான மெல்லலகுப் பாறும் சேர்ந்து 97 விழுக்காடு. ராமநகராவில் இதற்கு மேல் கல்குவாரி, காட்டுத்தீ, கூட்டம். இந்த வரலாறு தெரியாத வழிகாட்டி, பறவை கிடைக்காத நாளில் 'வெயில் அதிகம் சார், அதான்' என்று சமாளிப்பார்.

எந்த வடிவில் வாங்குவது

பயணத்தை இரண்டு விதமாக விற்கிறார்கள்: தலைக்கு இவ்வளவு என்று வேன், வண்டிக்கு இவ்வளவு என்று தனிக் கார், கூடவே ஒரு வழிகாட்டி. வேன் மலிவாகத் தெரியும், வாங்காதீர்கள். நாலரைக்குக் கிளம்பி ஐந்து ஓட்டல் வாசலில் நின்று ஆள் ஏற்றினால் மலையடிவாரம் சேர ஏழரை ஆகிவிடும். பத்துப் பேருக்கு ஒரே ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) இருக்கும். பறவை பறந்துகொண்டிருந்தால் இரண்டு பேர் பார்ப்பதற்குள் அது மலைக்குப் பின்னால் போய்விடும். நான்கு பேர் சேர்ந்து கார் எடுங்கள், தலைக்கு விழும் தொகையில் பெரிய வித்தியாசம் வராது. ரயிலிலும் போகலாம், பெங்களூரு மைசூர்த் தடத்தில் ராமநகரா நிலையம் இருக்கிறது. ஆனால் விடியலுக்கு மலையடிவாரத்தில் இருக்க ரயில் உதவாது.

விலை கேட்கும்போது நான்கு விஷயங்கள் அதற்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்: விரைவுச்சாலைச் சுங்கம், வனத்துறை நுழைவுக் கட்டணம், கேமராக் கட்டணம், வழிகாட்டியின் சாப்பாடு. வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வேறாக இருக்கக்கூடும். பேசும்போது தமிழ் பேசுவதால் உள்ளூர்க் கட்டணத்தைச் சொல்லிவிட்டு வாசலில் மாற்றிக் கேட்கும் வழக்கம் உண்டு. சில்லறையாக ரூபாய்த் தாள் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த, சிங்கப்பூரின் பேநவையும் இந்தியாவின் யுபிஐயையும் சேர்க்கும் இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான்; இளநீர்க் கடையில் தொங்கும் க்யூஆர் அட்டைக்கு அது வேலை செய்யாது.

வழிகாட்டியைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: 'மலை ஏறுவோமா, கீழேயே இருப்போமா?' 'மேலே கோயில் வரைக்கும் போலாம் சார், அங்கேதான் நல்லா தெரியும்' என்றால் அவர் கோயில் வழிகாட்டி. பாறு பார்க்கத் தெரிந்தவர், 'ஒன்பது மணி வரைக்கும் கீழே உட்காருவோம், அப்புறம் வேணும்னா ஏறலாம்' என்பார். பாறு உட்கார்ந்திருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும் என்றால் சுவருக்கு எதிரே, தள்ளி நிற்க வேண்டும். கோயில் படியில் ஏறினால் நீங்கள் நிற்பதே அந்த மலையின் மேல். சுவர் காலுக்குக் கீழே போய்விடும்.

அடுத்த கேள்வி: 'சின்னானுக்குப் பாட்டுப் போடுவீர்களா?' மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற பறவை தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழ்வது. ராமநகராவுக்குப் பாறுகளைவிட அதைத் தேடி வருகிறவர்கள் அதிகம். கூச்ச சுபாவம். செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் எல்லைச் சண்டைக்கு வந்த எதிரி என்று நினைத்து வெளியே வரும். இரண்டு நிமிடத்தில் படம் கிடைக்கும் என்பதால் வழிகாட்டிகள் ஆசைகாட்டுவார்கள். வாரத்துக்கு ஐந்து குழு வந்து ஒரே புதரில் இதைச் செய்தால் அந்த ஜோடி அந்தப் புதரை விட்டே போய்விடும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாட்டு இல்லாமலே பார்க்கலாம்: பாறை அடிவாரத்து அத்திமரம் பழுத்திருக்கிறதா, உண்ணிச்செடியில் காய் இருக்கிறதா என்று பார்த்து, எதிரே இருபது நிமிடம் அசையாமல் நின்றால் வரும். சாம்பல் உடல், மஞ்சள் தலை, மஞ்சள் தொண்டை. அதே புதர்களில் இருக்கும் வெண்புருவச் சின்னானைக் காட்டி 'இதுதான்' என்று முடித்துவிடப் பார்ப்பவர்களும் உண்டு. தொண்டை பளிச்சென்ற மஞ்சளா என்று பாருங்கள். புருவத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் அது அதுவல்ல.

மாதமும் மணியும்

நம் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால்: ஜூன் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும், மேகம் பாறையை மூடிவிடும், ஈரப் பாறை வழுக்கும். செப்டம்பர் ஒரு வார விடுமுறையும் அதே கதை. நவம்பரில் பறவை வந்து கூட்டைச் சீர்செய்யத் தொடங்கும், ஆனால் வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவானால் பெங்களூரில் மூன்று நாள் தூறல். டிசம்பர் பாதிக்குப் பிறகு ஜனவரி கடைசி வரை சிறந்த காலம். மார்ச் ஒரு வார விடுமுறையும் பரவாயில்லை. கூட்டில் குஞ்சு இருந்தால் தாயோ தந்தையோ திரும்பத் திரும்ப வந்துபோகும். ஆனால் பத்து மணிக்கே கானல் எழுந்து ஸ்கோப்பில் எல்லாம் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல நெளியும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கோயிலுக்கு வருகிறவர்கள், மலையேற்றக் குழுக்கள், கல்லூரிப் பையன்களின் புளூடூத் ஒலிபெருக்கி. செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது.

நகர மையத்தில் தங்கியிருந்தால் நாலே முக்காலுக்கு வண்டி புறப்பட வேண்டும். விமான நிலையத்துப் பக்கம் தங்கினால் நாலு மணி. நிலையம் வடக்கே, ராமநகரா தென்மேற்கே, நடுவில் ஊர் முழுவதும் கிடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து மாலை விமானத்தில் போய் நள்ளிரவுக்கு ஓட்டல் சேர்ந்து மறுநாளே கிளம்பலாம் என்று தோன்றும். நேரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால் உங்கள் உடம்புக்கு நாலு மணி என்பது ஆறரைதான், எழுவது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் தூக்கம் மூன்று மணிநேரம்தான் கிடைத்திருக்கும். ஒருநாள் இடைவெளி விடுங்கள்.

2023இல் திறந்த விரைவுச்சாலை ராமநகரா ஊரைத் தொடாமல் ஒதுக்கிப் போகிறது. ஓட்டுநர் வெளியேறும் வழியைத் தவறவிட்டால் அடுத்த வெளியேற்றம் வரை போய்த் திரும்ப வேண்டும். இருபது நிமிடம் போச்சு. வண்டி ஏறியதும் 'ராமதேவர பெட்டா, பழைய ரோடு' என்று ஒருமுறை நினைவூட்டுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு பெரிய குறை. ஏறக்குறைய எல்லா நடத்துனர்களும் போகிற வழியில் பிடதியில் தட்டே இட்லிக்கு நிறுத்துகிறார்கள். தட்டளவு அகலம், மேலே ஒரு உருண்டை வெண்ணெய், கெட்டிச் சட்டினி. சிராங்கூன் சாலையில் கிடைக்கும் எந்த இட்லியும் அதன் மென்மைக்குப் பக்கத்தில் வராது. குறை இட்லியில் இல்லை, மணியில் இருக்கிறது. ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஆறே முக்காலுக்குத்தான் எழுவீர்கள். நாளின் மிக நல்ல வெளிச்சம், மிகத் தெளிந்த காற்று, பறவை இன்னும் கிளம்பாமல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் நேரம் எல்லாம் அந்த முக்கால் மணியில் போய்விடும். காலையில் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு ஃபிளாஸ்க் காப்பி போதும். இட்லி பதினொரு மணிக்கும் சூடாகவே கிடைக்கும்.

சுவரைப் படிப்பது எப்படி

சரணாலயக் கதவு திறக்கும் நேரம் வனத்துறை வைப்பதுதான். நடத்துனரிடம் அந்த வாரத்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கதவு திறக்காவிட்டாலும் நேரம் வீணில்லை, அடிவாரத்துக்கு வரும் சாலையிலேயே மரங்கள் விலகிப் பாறை முகம் தெரியும் இடங்கள் இருக்கின்றன. முதுகில் வெயில் விழும்படி இடம் பிடியுங்கள். டிசம்பரில் பனிமூட்டம் எட்டு மணி வரை சுவரை மறைக்கலாம். கவலைப்படாமல் அதுவரை புதர்ப் பறவைகளைப் பாருங்கள்.

பனி விலகியதும் பறவையைத் தேடாதீர்கள், வெள்ளையைத் தேடுங்கள். பாறு ஆண்டுக்கணக்கில் ஒரே விளிம்பில் உட்காரும். எச்சம் சுவரில் சுண்ணாம்பு ஊற்றியதுபோல வழிந்திருக்கும். இதில் மூன்று வகையைப் பிரித்தறிய வேண்டும். விளிம்பிலிருந்து தொடங்கி ஒரு ஆள் உயரத்துக்கு மேல் அகலமாக வழிந்து, மேலே பளிச்சென்று கீழே மங்கிப்போவது புழக்கத்தில் உள்ள இருக்கை. முழுவதும் சாம்பல் பூத்து, ஓரங்கள் மழையில் கரைந்திருந்தால் பழைய இருக்கை. ராமநகராவில் இப்போது இதுதான் அதிகம், பார்க்க மனசு கஷ்டமாகவே இருக்கும். ஒல்லியாக, ஒரு கோடு போல ஒரு பொந்திலிருந்து இறங்கினால் வல்லூறு அல்லது கொம்பன் ஆந்தை. வட்டவட்டமாக, வழியாமல் ஒட்டிக்கிடப்பது எச்சமே அல்ல, பாறைப்பாசி. கூரைபோல நீட்டிய பாறைக்கு அடியில் கறுப்பாகப் பிறை வடிவில் தொங்குவது மலைத்தேனீ அடை; அதைப் பற்றிப் பிறகு.

புழக்கத்தில் உள்ள வெள்ளையைக் கண்டதும் ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்து, விளிம்பை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டுங்கள். பாறு பாறையின் நிறத்திலேயே இருக்கும். தலையைத் தேடினால் கிடைக்காது, தோளைத் தேடுங்கள்: மழையில் நனைந்த கிழவர் போர்வை போர்த்திக் குந்தியிருப்பதுபோல ஒரு கூன். அதைக் கண்டபின் 40 மடங்குக்குப் போங்கள். 400 மீட்டரில் இருக்கும் பறவை 10 மீட்டருக்கு வந்துவிடும். கறுத்த முகத்தில் வெளிறிய நீண்ட அலகு, கழுத்தில் வெளிறிய பூம்பஞ்சு தெரிந்தால் கருங்கழுத்துப் பாறு. அதற்கு மேல் 60 மடங்குக்குத் திருகாதீர்கள். படம் இருண்டு கானல் பெருகும், விவரம் கூடாது.

பாறை சூடேறி வெப்பக் காற்று எழும்பத் தொடங்கும்போது, ஒன்பதிலிருந்து பத்துக்குள், பறவை கிளம்பும். விரித்தால் முனைக்கு முனை இரண்டு மீட்டர் இறக்கை. அடிக்காமல் விரித்தபடி விளிம்பிலிருந்து விழுந்து, சுவரை ஒட்டி இரண்டு வட்டம் போட்டு உயரும். உள்ளிறக்கை வெளிறி, பறக்கும் இறகுகள் கறுத்து இரண்டு நிறமாகத் தெரியும். பத்தரைக்கு மேல் மேலே போய்விட்டால் மாலை நாலரை வரை திரும்பாமலும் போகலாம். 'மதியத்துக்குள் ஓட்டல் திரும்பிவிடலாம்' என்று விற்கப்படும் பயணத்தில் பாதி வாய்ப்பு இப்படித்தான் கைநழுவுகிறது.

நம் ஊர்க் கண்ணுக்கு ஒரு எச்சரிக்கை. மஞ்சள்முகப் பாறு வளர்ந்தது தலைக்கு மேல் போனால் நமக்கு உடனே வெண்வயிற்றுக் கடற்கழுகு என்று தோன்றும். சுங்கை பூலோவில் பார்த்துப் பழகிய அதே கறுப்பு வெள்ளை, அதே ஆப்பு வால். மூன்று இடத்தில் பிரித்துவிடலாம். கடற்கழுகு இறக்கையை மேல்நோக்கி ஆங்கில 'V' போல ஏந்தும். பாறு ஏறக்குறையத் தட்டையாக வைக்கும். கடற்கழுகின் வாலடி கறுப்பு. பாறின் வால் முழுக்க வெள்ளை. தலையில் மஞ்சள் தோல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இளம் மஞ்சள்முகப் பாறு முழுக்கக் கரும்பழுப்பு. அதைக் கள்ளப்பருந்து என்று தள்ளிவிடுவார்கள். கள்ளப்பருந்தின் வால் பிளந்திருக்கும், இதற்குக் கூராக இருக்கும்.

பயிற்சி வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பரில் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் நின்று தேன் பருந்துகளைப் பாருங்கள்; உயரத்தில் புள்ளியாகச் சுற்றுவதை இறக்கை, வால் கொண்டு பிரிக்கும் பழக்கம் வந்துவிடும். குளிர்காலத்தில் இமாலயப் பாறு வழிதவறிச் சிங்கப்பூருக்கே வருவதுண்டு. 2021 டிசம்பர் கடைசியில் அவற்றோடு வந்த ஒரு கரும்பாறு பூமலையில் களைத்து விழுந்து, ஜூரோங் பறவைப் பூங்காவில் தேறி, பிறகு விடுவிக்கப்பட்டது. இங்கே மேலெழும் வெப்பக் காற்று பலவீனம், தின்னச் சடலம் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்க இறக்கையடித்தே பறந்தால் இரண்டே நாளில் சோர்ந்துவிடும். ராமநகராவில் பாறு ஏன் பாறை சூடாகும் வரை காத்திருக்கிறது என்பதற்கும் அதே விடைதான்.

சாமான்

8×42 பைனாகுலர் போதும். 10 மடங்கு வாங்கலாம், ஆனால் தலைக்கு மேல் வட்டமிடும் பறவையைக் கை நடுக்கத்தோடு தொடர்வது சிரமம். ஸ்கோப் வழிகாட்டி கொண்டுவருகிறாரா, எத்தனை மி.மீ. என்று கேளுங்கள், 65க்குக் குறைந்தால் காலை வெளிச்சத்துக்குப் போதாது. முக்காலி உறுதியாக இருக்கிறதா என்பது ஸ்கோப்பைவிட முக்கியம். பத்து மணிக்குக் காற்று எழும். இலேசான முக்காலி ஆடினால் நடுத்தண்டைக் கீழே இறக்கி, கொக்கியில் உங்கள் முதுகுப்பையை மாட்டுங்கள்.

கேமராக்காரர்கள் கணக்குப் போட்டுவிட்டுப் போகட்டும். முழுச் சட்டக் கேமரா, 24 மெகாபிக்சல், 600 மி.மீ. லென்ஸ், 400 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் 90 சென்டிமீட்டர் பறவை உங்கள் படத்தில் சுமார் 225 பிக்சல் உயரம்தான் வரும். சரியான அடையாளப் படம், அவ்வளவுதான். சுவரில் மாட்டும் படம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பயணம் ஏமாற்றம். கிட்டே போக வழி கேட்காதீர்கள். கூட்டுப் பாறைக்குக் கிட்டே போவது குற்றம். தாய் ஒருமுறை பயந்து எழுந்தால் ஆண்டின் ஒரே முட்டை வெயிலில் கிடக்கும்.

மலையேறும் நம் ஆட்கள் பலர் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ அப்படிப்பட்ட கருவியோ வைத்திருப்பது அங்கே சட்டவிரோதம். விமான நிலையத்தில் பிடித்தால் பாறு அல்ல, காவல் நிலையம்தான் பார்ப்பீர்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு மின்விசா வேண்டும், அதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

குளிர் நமக்கு வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் டிசம்பர் விடியலில் 15, 16 டிகிரி. இரண்டு மணிநேரம் அசையாமல் உட்காரும்போது ஒரு கம்பளிச் சட்டை தேவை. பத்து மணிக்கு அதைக் கழற்றித் தொப்பி போடுவீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

இப்போது தேனீ. மலைத்தேனீ அடை உள்ள பாறைக்குக் கீழே நின்று பேசாதீர்கள், புகைக்காதீர்கள், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். கிளம்பிவிட்டால் கையை வீசி விரட்டாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேர்கோட்டில் வண்டிக்கு ஓடிக் கண்ணாடியை ஏற்றுங்கள். வழிகாட்டி எங்கே வண்டியை நிறுத்துகிறார் என்பதை இதற்காகவும் கவனியுங்கள். கோயில் படியில் குரங்குகள் உண்டு. புக்கிட் தீமாவில் கற்ற பாடம் அப்படியே செல்லும், கையில் சரசரக்கும் பிளாஸ்டிக் பை இருக்கக் கூடாது. கரடியும் சிறுத்தையும் இந்தக் குன்றுகளில் இருக்கின்றன. அதனால் இருட்டில் புதர்ப் பாதையில் இறங்காமல் சாலையிலேயே நில்லுங்கள்.

பாறு கிடைக்காத நாளில்

நாள் வீண் என்று சொல்ல முடியாது. விளிம்புகளில் பாறைத் தகைவிலான் எந்நேரமும் பறக்கும். குளிர்காலத்தில் நீலப் பூங்குருவி பாறை முனையில் வந்து உட்காரும். சிங்கப்பூரில் எப்போதாவது ஒன்று வீவக அடுக்குமாடிக் குடியிருப்பில் தென்பட்டால் லென்ஸோடு ஓடுகிற அதே பறவை. ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு இரண்டுக்கும் நல்ல இடம். பதினொன்றுக்கு மேல் கோயிலுக்கு ஏறலாம். பாறையில் வெட்டிய சில நூறு படி, கடைசிப் பகுதி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது.

நடுப்பகலுக்கு ஊருக்குள் பட்டுக்கூட்டுச் சந்தை இருக்கிறது. ஆசியாவிலேயே பெரியது என்று பெயர். தட்டுத் தட்டாக மஞ்சளும் வெள்ளையுமாய்க் கூடுகள், வேகவைக்காத கூட்டின் ஒருமாதிரி வாடை. காலையில் போனால்தான் ஏலம் நடக்கும். மைசூர்ச் சாலையிலேயே ஜானபத லோகா நாட்டுப்புற அருங்காட்சியகமும் இருக்கிறது, ஒன்றரை மணிநேரம் நிழலில் கழியும். வழியில் யாரிடமாவது பாறு எங்கே என்று கேட்க வேண்டுமானால் 'ரணஹத்து' என்று கேளுங்கள், கன்னடத்தில் அதுதான் பெயர்.

பாறு பார்த்தே தீர வேண்டும், இரண்டு மூன்று நாள் கையில் இருக்கிறது என்றால் ராமநகராவைவிடக் கோயம்புத்தூர் விமானம் ஏறி முதுமலை, மாயாறு பக்கம் போவது புத்தி. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் முக்கியமான கூடு வைக்கும் இடம் அந்தப் பள்ளத்தாக்குதான், எண்ணிக்கையும் கூடுதல். அங்கே பாறைக்குப் பதில் நீர்மத்தி மரம். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். அது ஒருநாள் பயணமும் அல்ல.

மாலை நாலரைக்குத் திரும்பும் பறவையைப் பார்க்க நினைப்பவர்கள் அன்றிரவு விமானத்தை மறந்துவிடுங்கள். ஐந்தரைக்கு மலையை விட்டால் கெங்கேரியிலிருந்து நாயண்டஹள்ளி வரை வண்டி ஊர்ந்துதான் போகும். விமான நிலையம் சேர மூன்றரை மணி வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை விமானம் போடுங்கள், வண்டியை முழுநாள் வாடகைக்குப் பேசுங்கள். அரைநாள் என்று பேசிவிட்டு மலையடிவாரத்தில் நின்று நீட்டித்தால், ஓட்டுநர் மணிக்கணக்குக் கேட்பார், கேட்பதும் நியாயம்தான்.